வைக்கோல் களிமண் சுவருக்குள் மரச்சட்டம் சாயாமல் நிற்க: முழுமையான வழிகாட்டி

களிமண் குழம்பில் புரட்டிய வைக்கோலைப் பலகைகளுக்கு நடுவே இட்டு, திமிசுக் கட்டையால் இடித்து எழுப்பும் சுவர் ஓர் அடிப் பருமன் வரை வரும். இவ்வளவு பருமனான சுவர் எங்கே சாயப் போகிறது என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சுவரில் பாரம் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும் மரச்சட்டம் மட்டுமே. கூரையின் எடை, பக்கவாட்டில் வந்து மோதும் காற்று, நிலம் அசையும்போது வரும் உதறல் எல்லாவற்றையும் அந்தச் சட்டமே வாங்கி அடித்தளத்துக்கு இறக்க வேண்டும். வைக்கோல் களிமண் வெப்பத்தையும் குளிரையும் தடுக்கும், ஒலியை அடக்கும். வீட்டைச் சாயாமல் பிடித்து நிறுத்தும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.

சாதாரண மரவீடுகளில் இதற்கு எளிய தீர்வு உண்டு. சட்டத்தின் மேல் ஒட்டுப்பலகையை அறைந்துவிட்டால் போதும், சுவர் விறைத்துவிடும். வைக்கோல் களிமண் சுவரில் அதைச் செய்ய முடியாது. ஈரமாக இடித்த சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்து உலர வேண்டும். ஒரு பக்கத்தை ஒட்டுப்பலகையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, வைக்கோல் பூஞ்சை பிடித்து மக்கும். அதையொட்டி மரமும் கெடும். ஈரம் வெளியேற வழிவிட்டுக்கொண்டே சட்டத்தை எப்படி இறுக்குவது? இந்தக் கேள்விக்கு விடை, காடி வெட்டிப் பதித்த சாய்சட்டம்; அதாவது, நிற்கும் மரங்களில் பள்ளம் வெட்டி அதற்குள் சாய்வாகப் பதிக்கும் பலகை.

இந்தக் கட்டுமான முறையின் தாயகம் ஜெர்மனி. மரச்சட்ட வீடுகளின் கட்டங்களைக் களிமண்ணும் வைக்கோலும் கொண்டு அடைக்கும் பழைய வழக்கத்திலிருந்து, வைக்கோலைக் கூட்டி மண்ணைக் குறைத்த இலகுவான கலவை இருபதாம் நூற்றாண்டில் அங்கே உருவானது. பின்னர் அது அமெரிக்காவுக்குப் போய் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நன்றாக வேரூன்றியது. அமெரிக்காவில் பின்பற்றப்படும் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் (IRC) 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கெனத் தனிப் பின்னிணைப்பே சேர்க்கப்பட்டது. அந்த விதி இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது: சாய்வைத் தடுக்கப் பதித்த சாய்சட்டமே பயன்படுத்த வேண்டும், வைக்கோல் களிமண் சுவரைத் தொடர்ச்சியான பலகையால் மூடக் கூடாது. இனி வரும் அளவுகளில் பெரும்பாலானவை அந்த விதியையொட்டியவை.

சாய்சட்டம் என்ன செய்கிறது?

நான்கு மரங்களை மூலைகளில் ஆணியால் இணைத்த செவ்வகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால், தீப்பெட்டியின் வெளிக்கூடு போல அது சரிந்து மடங்கும். மூலைக்கு மூலை ஒரு மரத்தைக் கொடுத்தால் செவ்வகம் இரண்டு முக்கோணங்களாகிறது. முக்கோணத்தின் பக்க நீளங்கள் மாறாதவரை அதன் கோணங்களும் மாறா. எனவே தள்ளும் விசை சட்டத்தை மடக்க முடியாமல், சாய்மரத்தின் வழியே இழுவிசையாகவோ அழுத்தமாகவோ அடித்தளத்துக்கு இறங்குகிறது.

இழுவிசையா அழுத்தமா என்பதைக் கவனித்தாக வேண்டும். ஜெர்மனியின் பழைய மரச்சட்ட வீடுகளில், உதாரணமாக 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற குவெட்லின்பர்க் நகரத்தில், சாய்மரங்கள் கனமானவை. ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை மற்றொரு மரத்தின் துளையில் பொருத்தி மர ஆணி அடித்தவை. அழுத்தத்தை அவை நன்றாகத் தாங்கும். இழுத்தால் கழுந்து நழுவப் பார்க்கும். மெல்லிய பலகையோ இதற்கு நேர்மாறு. இழுத்தால் நிற்கும், அழுத்தினால் வளையும். இரும்புப் பட்டை இழுவிசைக்கு மட்டுமே பயன்படும். காற்று இன்று கிழக்கிலிருந்தும் நாளை மேற்கிலிருந்தும் வரும் என்பதால், எந்த வகையானாலும் ஒரு சுவரில் ஒரே பக்கமாகச் சாய்ந்த சட்டங்கள் மட்டும் இருக்கக் கூடாது. ஒன்று வலப்புறம் சாய்ந்தால் அதற்கு ஈடாக இன்னொன்று இடப்புறம் சாய வேண்டும்.

1755 நவம்பர் 1 அன்று நிலநடுக்கத்தில் லிஸ்பன் நகரம் அழிந்த பிறகு, போர்ச்சுகலின் அமைச்சர் போம்பால் பிரபுவின் காலத்தில் அங்கே எழுந்த கட்டடங்களின் சுவர்களுக்குள் பெருக்கல் குறி வடிவில் மரச்சட்டக் கூண்டுகள் வைக்கப்பட்டன. மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டு அதன் உறுதியைச் சோதித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. காஷ்மீரத்தின் ‘தஜ்ஜி தேவாரி’ வீடுகளில் சட்டங்கள் சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கும் மறுக்குமாக மரம் ஓடும். இடைவெளியில் கல்லும் மண்ணும் நிரப்புவார்கள். 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்தில் கனமான கல்வீடுகள் பல நொறுங்கிய இடங்களில் இவ்வகை வீடுகள் தாக்குப்பிடித்தன. அதன்பின் பாகிஸ்தான் பகுதியில் மறுசீரமைப்புக்கு அனுமதிக்கப்பட்ட முறைகளில் இதுவும் சேர்ந்தது. தஜ்ஜியில் நிரப்புக் கற்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வின் ஆற்றலைக் கரைக்கின்றன. வைக்கோல் களிமண்ணிடம் அந்தப் பங்களிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதல் படி: விசையை மதிப்பிடுதல்

பொறியாளரிடம் போகுமுன் நீங்களே ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்தியத் தர விதி 875இன் (IS 875) மூன்றாம் பகுதி ஊருக்கு ஊர் அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகிறது. மதுரைக்கும் கோவைக்கும் நொடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மதுரையில் அது சுமார் 93 கிலோ எடைக்குச் சமம், சென்னையில் 153 கிலோ. வேகம் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உயர்ந்தாலும் விசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது.

6 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள சுவரின் மீது இந்தக் காற்று மோதுவதாக வைத்துக்கொள்வோம். சுவரின் கீழ்ப்பாதியில் விழும் விசை நேரே அடித்தளத்துக்குப் போகும். மேற்பாதியில், அதாவது 7.2 சதுர மீட்டரில் விழுவது மேற்சட்டம் வழியாக இரு முனைச் சுவர்களுக்கும் பகிரப்படும். சென்னைக் கணக்கில் மொத்தம் 1,100 கிலோ, ஒரு முனைச் சுவருக்கு 550 கிலோ. கூரையில் மோதும் காற்று இதில் சேரவில்லை. கட்டட வடிவம், நிலப்பரப்பு ஆகியவற்றுக்கான பெருக்கக் காரணிகளையும் பொறியாளர்தான் சேர்க்க வேண்டும். நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதிகளில் பதித்த மெல்லிய சாய்சட்டத்தை மட்டும் நம்ப அமெரிக்க விதியும் அனுமதிப்பதில்லை. அங்கே தனி வடிவமைப்பு கட்டாயம்.

இரண்டாம் படி: கோணம்

சாய்சட்டம் தரையோடு 45 முதல் 60 பாகைக்குள் இருக்க வேண்டும். 2.4 மீட்டர் உயரச் சுவரில் 45 பாகைக்கு 2.4 மீட்டர் அகலம் தேவை, மரத்தின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். 60 பாகையானால் 1.4 மீட்டர் அகலமும் 2.8 மீட்டர் மரமும் போதும். இடமும் மரமும் மிச்சம் என்று உடனே 60 பாகைக்குத் தாவிவிடாதீர்கள். மேலே கண்ட 550 கிலோவை ஒரே சட்டம் தாங்குவதாகக் கொண்டால், 45 பாகையில் மரத்துக்குள் ஓடும் விசை 780 கிலோ அளவில் இருக்கும். 60 பாகையில் அது 1,100 கிலோவாகும். தூணின் அடியைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசையும் 550இலிருந்து 950 கிலோவுக்கு ஏறிவிடும். இடம் இருக்கும்வரை 45 பாகையைக் கைவிடாதீர்கள் என்பதே என் பரிந்துரை.

மூன்றாம் படி: இடம் குறித்தல்

ஒவ்வொரு சுவர் வரிசையிலும் முதல் சாய்சட்டப் பகுதி மூலையிலிருந்து 10 அடிக்குள் தொடங்க வேண்டும். அடுத்தடுத்த பகுதிகளுக்கு நடுவே 20 அடிக்கு மேல் இடைவெளி கூடாது. மூலையிலேயே தொடங்குவது மேலும் நல்லது. நடைமுறையில் பெரும்பாலான வீட்டுத் திட்டங்கள் சறுக்குவது சன்னலில்தான். வரைபடத்தில் சன்னல்களை ஆசைப்பட்ட இடத்தில் எல்லாம் வைத்துவிட்டு, மிஞ்சிய துண்டுச் சுவர்களில் சாய்சட்டத்தை நுழைக்கப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் சாய்சட்டங்களை வரையுங்கள், பிறகு மிஞ்சிய இடத்தில் சன்னலை வையுங்கள். சாய்சட்டம் ஒரே நீள மரமாக இருக்க வேண்டும். சன்னலுக்காக நடுவில் வெட்டிய சாய்சட்டம் சாய்சட்டமே அல்ல.

நான்காம் படி: சட்டத்தை நிறுத்திச் சதுரமாக்குதல்

அடிச்சட்டத்தை அடித்தளச் சுவரின் மேல் நங்கூர போல்ட்டுகளால் இறுக்குங்கள். அரை அங்குல போல்ட், 6 அடிக்கு ஒன்று என்ற கணக்கும், ஒவ்வொரு மரத்தின் முனையிலிருந்தும் 12 அங்குலத்துக்குள் ஒன்று என்ற கணக்கும் குறைந்தபட்சம். சாய்சட்டத்தின் அடிமுனை சேரும் தூணுக்குத் தனியாக இரும்புப் பிடி வேண்டும். முன்சொன்ன பிடுங்கும் விசை அங்கேதான் வேலை செய்யும். அடித்தளச் சுவர் தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது எழும்பியிருந்தால் மழைத் தெறிப்பு மண்ணைத் தொடாது. கறையான் நடமாட்டம் உள்ள ஊர்களில் அடித்தளத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே உலோகத் தகட்டுத் தடுப்பு அவசியம்.

நிலைச்சட்டங்களுக்கு, அதாவது நிமிர்ந்து நிற்கும் மரங்களுக்கு நடுவே, அவை பாரம் தாங்காதவையானால் 32 அங்குலம் வரையும் பாரம் தாங்குபவையானால் 24 அங்குலம் வரையும் இடைவெளி விடலாம் என்று பின்னிணைப்பு அனுமதிக்கிறது. சாய்சட்டம் ஓடும் பகுதியில் மட்டும் அதை 16 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மேற்சட்டங்கள் மூலைகளில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொடர்பு இல்லாவிட்டால் ஒரு சுவரின் விசை அடுத்த சுவரின் சாய்சட்டத்துக்குப் போய்ச் சேராது.

சதுரம் பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் செவ்வகம் நேர். நீளமான மூலைவிட்டத்தின் திசையில் கயிறு கட்டி மெல்ல இழுத்துச் சரிசெய்து, தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து, தற்காலிகச் சாய்மரங்களை அறைந்துவிடுங்கள். இவற்றை உள்பக்கமும் வெளிப்பக்கமும் தரையில் முளை அடித்து ஊன்ற வேண்டும். களிமண் இடித்து முடியும்வரை இவற்றை எடுக்கக் கூடாது.

ஐந்தாம் படி: காடி வெட்டிப் பதித்தல்

இந்த வழிகாட்டியின் நடுநாயகமான வேலை இது. 19 மில்லிமீட்டர் தடிமனும் 89 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பலகையைத் தேர்ந்தெடுங்கள். முடிச்சு இல்லாததாக, நார் நேராக ஓடுவதாக, ஈரம் 19 விழுக்காட்டுக்கு மிகாததாக இருக்கட்டும். இழுவிசை ஓடும் மரத்தில் ஒரு பெரிய முடிச்சு போதும், அந்த இடத்தில் பலகை முறிய.

பலகையை நிலைச்சட்டங்களின் வெளிமுகத்தில், கோணத்தைச் சரிபார்த்து, தற்காலிகமாக ஒட்டிப் பிடித்து இரு ஓரங்களையும் பென்சிலால் கோடிடுங்கள். பிறகு பலகையை எடுத்துவிட்டு, ரம்பத்தின் ஆழத்தை 19 மில்லிமீட்டருக்கு நிறுத்தி ஒவ்வொரு சட்டத்திலும் கோடுகளின் உள்ளோரமாக அறுங்கள். நடுவே ஓரிரு அறுப்புகள் கூடுதலாகப் போட்டு, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு கழிவைத் தட்டி எடுங்கள். பாரம் தாங்கும் நிலைச்சட்டத்தில் அதன் அகலத்தில் கால் பங்குக்கு மேல் காடி கூடாது. 89 மில்லிமீட்டர் சட்டத்தில் எல்லை 22 மில்லிமீட்டர், ஆகவே 19 பாதுகாப்பானது. காடி இறுக்கமாக இருக்கட்டும். கையால் சுலபமாக நழுவும் காடி பின்னாளில் ஆட்டம் கொடுக்கும். இரண்டு தட்டில் உட்காரும் காடியே சரியானது.

ஒவ்வொரு சந்திப்பிலும், மேற்சட்டத்திலும் அடிச்சட்டத்திலும் கூட, இரண்டரை அங்குல ஆணி இரண்டு. துத்தநாகம் பூசிய ஆணியாக இருக்க வேண்டும், ஏனெனில் ஈரக் களிமண் பல வாரங்கள் அதைச் சுற்றி இருக்கும். கருப்பு நிறத்தில் வரும் ஜிப்சம் பலகைத் திருகாணிகளை இங்கே பயன்படுத்தவே கூடாது. அவை கடினமானவை, ஆனால் பக்கவாட்டு உதறலில் முறிந்துபோகும். சாதாரண ஆணி வளைந்து கொடுக்கும், முறியாது.

பலகையின் அகலமுகம் சுவரின் முகத்துக்கு இணையாகப் படுத்திருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. அதன் பின்னால் வைக்கோல் தடையின்றி இறங்கும். கனமான சாய்மரத்தைச் சுவரின் நடுவே வைத்தால், அதன் அடிப்பக்கத்தில் திமிசு எட்டாத ஒரு நிழல்பகுதி உருவாகும். அங்கே கலவை சேராமல் பொந்து விழும். கனமான மரம் தவிர்க்க முடியாததென்றால், அதன் அடியைக் கையால் திணித்து நிரப்ப ஒருவரைத் தனியாக நியமியுங்கள்.

இரும்புப் பட்டையை விரும்புபவர்கள் பெருக்கல் குறியாக இரண்டைக் கொடுத்து, முறுக்கி இறுக்கும் கருவியை இடையில் வையுங்கள். மரம் உலரும்போது சுருங்கி பட்டை தொய்வதால், கலவை நிரப்புவதற்கு முன் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். நிரப்பிய பிறகு அதை எட்ட வழியில்லை. அதனாலேயே நான் மரத்தை விரும்புகிறேன்.

ஆறாம் படி: நிரப்புதல்

சட்டத்தின் முகத்திலிருந்து இரண்டு அங்குலமாவது வெளியே தள்ளி, இடைக்கட்டைகள் வைத்து ஷட்டரிங் பலகைகளைத் திருகுங்கள். அப்போதுதான் சாய்சட்டத்தின் மேல் கலவை ஒரு போர்வையாகப் படியும். மரமும் பூச்சும் நேரடியாகத் தொட்டால், மரத்தின் விளிம்பையொட்டிப் பூச்சில் சாய்வான விரிசல் ஓடுவது உறுதி. பலகைகள் இரண்டடி உயரத்துக்கு மேல் வேண்டாம். நிரப்ப நிரப்ப ஏற்றிக்கொள்ளலாம். நிலைச்சட்டங்களுக்கு நடுவே 24 அங்குலத்துக்கு ஒன்றாக மூங்கில் குச்சிகளைக் கிடையாகச் செருகிவிடுங்கள், கலவைக்கு அவை பிடிமானம்.

கலவையை ஒவ்வொரு முறையும் 6 அங்குலத்துக்கு மேல் இடாமல் பரப்பி இடியுங்கள். விளிம்பிலும் சாய்சட்டத்தைச் சுற்றியும் அழுத்தமாக, நடுவில் மென்மையாக. அளவுக்கு மீறி இடித்தால் வெப்பத்தைத் தடுக்கும் தன்மை குறைவதோடு, பலகை உப்பிச் சட்டமே கோணலாகும். 4 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் பருமன் உள்ள சுவர் உலர்ந்த நிலையில், கனமீட்டருக்கு 320 கிலோ என்று கொண்டால், 920 கிலோ எடை இருக்கும். ஈரத்தோடு இருக்கும்போது அதைவிட நிறையவே கூடுதல். தற்காலிகச் சாய்மரங்களை எடுக்காதீர்கள் என்று வற்புறுத்தியது இதற்காகத்தான். ஒவ்வோர் இரண்டடிக்கும் தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: உலர்த்துதல், தட்டிப் பார்த்தல்

ஷட்டரிங் பலகைகளை 24 மணி நேரத்துக்குள் கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் சாய்சட்டம் ஓடும் தடத்தின் கீழோரமாக விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். பொந்து இருந்தால் கை உள்ளே போகும். ஈரமாக இருக்கும்போதே அதே கலவையைத் திணித்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும்; காய்ந்தபின் வைக்கும் ஒட்டு தனியாகவே நிற்கும்.

நல்ல கோடையில் ஓர் அங்குலப் பருமனுக்கு ஒரு வாரம் என்பது கட்டுநர்களின் கைக்கணக்கு. ஓரடிச் சுவருக்கு மூன்று மாதம். இந்த முறையைத் தமிழ்நாட்டில் முயல்பவர்கள் தையில் நிரப்பி முடித்தால்தான் சித்திரை வெயில் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் புரட்டாசியில் நிரப்பத் தொடங்குவது வைக்கோலை மக்கவைப்பதற்குச் சமம். ஓரடி வேண்டாம், ஆறு அங்குலம் போதும் என்று பருமனைக் குறைத்தால் உலரும் காலமும் பாதியாகும். வெப்ப நாட்டில் அந்தப் பருமனே கணிசமான பயன் தரும்.

நீண்ட முனைகள் கொண்ட ஈரமானியை 4 அங்குல ஆழத்துக்கு இரு பக்கமும் செருகிப் பாருங்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை பூச்சு வேலை தொடங்கக் கூடாது. சாய்சட்டத்தின் பின்புறமும் அடியிலும் தனியாக அளவு எடுங்கள், ஈரம் கடைசியாக வெளியேறும் இடங்கள் அவை.

உலர உலரக் கலவை சற்று அமர்ந்து, மேற்சட்டத்துக்குக் கீழே இடைவெளி விழும். சாய்சட்டம் இடையில் பிடித்துக்கொள்வதால் அதன் கீழும் மெல்லிய பிளவு தோன்றலாம். இரண்டையும் களிமண் குழம்பு கூடுதலாகச் சேர்த்த வைக்கோலால் அடைத்து இன்னும் ஒரு வாரம் காயவிடுங்கள்.

எட்டாம் படி: பூச்சு

களிமண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ மட்டுமே. சிமென்ட் பூச்சு ஈரத்தை அடைத்துவிடும். ஒட்டுப்பலகையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு இங்கே சிமென்டைப் பூசினால் அத்தனை உழைப்பும் வீண். சாய்சட்டத்தின் தடத்தில் இரு பக்கமும் நான்கு அங்குலம் தாண்டும் அகலத்தில் சணல் வலையை முதல் பூச்சுக்குள் அமிழ்த்துங்கள். இரண்டாம் பூச்சுக்கு முன் சாய்சட்டங்கள் ஓடும் தடங்களைச் சுவரோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்து, மூலையிலிருந்து அளந்த தூரத்தோடு வீட்டு வரைபடத்தில் குறித்து வையுங்கள். அலமாரி மாட்டவும் குழாய் இறக்கவும் பின்னால் வருபவர்கள் துளைபோடுமுன் பார்க்க வேண்டிய தாள் அது.